மொக்கு முடி

அவளுக்கு விசில் ஊதத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளைப் பற்றி நல்லதாகவே நிறையச் சொல்ல வேண்டிவரும். அதற்கு முன் என் மனசுக்கு இந்த ஓர் ஆறுதலாவது வேண்டும். சாரணியர் படைக்குத் தலைவி விசில் ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையும் ஓடிவர வேண்டும். அவள் ஊதினால் வெறும் காற்றுதான் வரும். கன்னம் உப்பும், முகம் சிவக்கும், கடைசியில் அவளே சிரித்துவிடுவாள். பிள்ளைகளும் சிரிப்பார்கள். நான் ஊதினால் ஒருத்தியும் சிரித்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கூட வேலை பார்த்த தையல் டீச்சரும் நானும் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கால்வாசிப் பேர் கன்னடம். என் ஆத்தூர்த் தமிழைக் கேட்டுவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெலுங்கு காதில் ஏறவே இல்லை. ஏற்றிக்கொள்ள நான் முயற்சி எடுக்கவில்லை என்றும் சொல்லலாம்.

சாரணியர் படை என் கைப்பொருள். ஊரில் யாரும் சாரணியர் என்று சொல்லமாட்டார்கள், கைடு என்றுதான் சொல்வார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது, சனிக்கிழமை சாயங்காலங்கள்தான் செலவு. சேலத்தில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் ஆங்கிலக் கையேடுதான் எனக்குக் குரு. முதல் அட்டை இல்லை. நான் சிறுபிள்ளையில் கைடாக இருந்ததில்லை, பயிற்சிக்கும் போனதில்லை. உறுதிமொழி, இடது கையால் கை குலுக்குவது, கொடியை மடிக்கும் முறை, அடிபட்டவருக்குக் கட்டுப்போடும் முறை எல்லாமே அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாமான்களையும் நானே சேர்த்தேன். முடிச்சுப் பழகுவதற்குக் கிணற்றுக் கயிறு. கழிகளுக்கு ஜவளகிரியிலிருந்து மூங்கில் ஏற்றிவந்த வண்டிக்காரரைச் சந்தையில் மடக்கிப் பேரம் பேசினேன். என்னுடைய பழைய நீலப் புடவையைக் கிழித்துக் கொடி தைத்தோம். இரண்டு கழியும் இரண்டு தாவணியும் இருந்தால் அடிபட்டவரைத் தூக்கிப்போகும் தூளி தயார். பாட்டுகளைத் தமிழில் நானே எழுதினேன். கையேட்டில் பாட்டின் சொற்கள் இருந்தனவே தவிர மெட்டு எங்கே இருக்கிறது? ஆகவே மெட்டும் நானே போட்டேன். சேலத்துக் கைடு சங்கத்துக்காரர்கள் கேட்டால் சிரித்திருப்பார்களோ என்னவோ.

முகாமில் இருட்டியதும் நெருப்பு மூட்டி, சுற்றி வட்டமாக உட்கார்ந்து பாடுவது இந்த இயக்கத்தின் பெரிய வழக்கம். முகாம் தீ என்பார்கள். கையேட்டில் அதற்கு ஓர் அத்தியாயமே உண்டு. விறகை எப்படி அடுக்குவது, யார் தீ வைப்பது, ஆரவாரப் பாட்டு எப்போது, அமைதியான பாட்டு எப்போது, நெருப்பு தணியத் தணியப் பாடுகிறவர்களின் குரலும் எப்படித் தணிய வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும். எனக்கு அத்தனையும் மனப்பாடம். ஆனால் ஒரு முகாம் தீயைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கொட்டகை இருந்ததால் தலைமையாசிரியை தீக்குச்சி கிழிக்கவே விடமாட்டார். எனவே சனிக்கிழமை சாயங்காலம் வெயிலில் சுள்ளிகளைக் கோபுரமாக அடுக்கி, அதற்குத் தீ வைக்காமலே சுற்றி உட்கார்ந்து பாடுவோம். நெருப்பு தணிகிற இடம் வந்ததும் நான் உள்ளங்கையை மெல்லத் தாழ்த்திக் காட்டுவேன், பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள். பாட்டு முடிந்ததும் அந்தச் சுள்ளிகளை ஆயா தன் வீட்டு அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளைகளை ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிஜ நெருப்பின் முன்னால் அவர்களோடு உட்கார வேண்டும்.

தை மாதத்தில் கிருஷ்ணகிரி மலையடிவாரத்து மாந்தோப்பில் முகாம் நடக்கும். தகவல் வந்ததும் நான் வீடு வீடாகப் போவேன். பெண்பிள்ளையை வெளியூரில் ராத்திரி தங்க விடுவதா என்று தாய்மார்கள் கேட்பார்கள். சிலர் மோர் கொடுத்து அனுப்புவார்கள், சிலர் கதவுக்குப் பின்னால் நின்றே அனுப்பிவிடுவார்கள். ஒரு வருஷமும் ஒரு தாயும் சம்மதித்ததில்லை. மற்ற ஊர்ப் படைகள் போய்விட்டு வந்த கதையை நான் சேலத்திலிருந்து வரும் தபாலில் படித்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குப் புதிதாக மாட்டு டாக்டர் வந்தார். கூடவே அவர் மனைவியாக இவளும் வந்தாள்.

ஒரு சனிக்கிழமை, மைதானத்தின் ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெங்களூரில் படித்த காலத்தில் கைடாக இருந்தேன், தலைவிகளுக்கான பயிற்சியும் முடித்திருக்கிறேன், உங்களுக்கு உதவியாக வரலாமா என்று கேட்டாள். உதவியாக என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் வயதுதான் இருக்கும். ஒரு சாதாரண நூல் சேலையைக் கட்டிக்கொண்டு அத்தனை லட்சணமாக நிற்க வேண்டிய அவசியம் என்ன என்று எனக்குப் பட்டது.

வந்த முதல் வாரமே பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழிலும் அக்கா, தெலுங்கிலும் அக்கா, கன்னடத்திலும் அக்கா. ஓசூரில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வாயில் தானாக வருகிற சொல் அது. நான் டீச்சர். மைதானத்திலும் டீச்சர், சந்தையிலும் டீச்சர், கோயிலில் விழுந்து கும்பிட்டு எழுந்தாலும் பின்னால் நின்று, நமஸ்காரம் டீச்சர். வேறு எப்படியாவது கூப்பிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவா முடியும்?

அவளிடம் கையேடு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படைத் தலைவிக்குச் சொத்து என்பது பிள்ளைகள் சோர்ந்துபோகிற நேரத்தில் மடியிலிருந்து எடுத்துவிடுகிற மாதிரி ஒரு விளையாட்டு, ஒரு பாட்டு, ஒரு புதுவிதக் கைத்தட்டல். யாராவது நன்றாகச் செய்தால் சும்மா கைதட்டமாட்டார்கள், அதற்கென்று விதவிதமான தட்டல்கள் உண்டு. மழைத் தட்டல் எனக்கும் தெரியும். ஒரு விரலில் ஆரம்பித்து, தூறல் பெருமழையாகும் வரை விரல்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவள் களித் தட்டல் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். துடுப்பால் ராகிக் களியைக் கிளறுவதுபோல் ஒரு சுற்று, உருண்டை பிடிப்பதுபோல் ஒரு தேய்ப்பு, குழம்பில் தொடுவதுபோல் ஒரு தட்டு, மெல்லாமல் விழுங்குவதுபோல் 'ளொடக்' என்று ஒரு சத்தம். தினமும் களி தின்கிற பிள்ளைகள் அல்லவா, விழுந்து புரண்டு சிரித்தார்கள். நானும் அந்த ஊரில் களிதான் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அன்றைக்குப் பூராவும் எரிச்சலாக இருந்தது.

பொறாமை என்ற சொல்லைத் தவிர்த்து எழுதலாம் என்று பார்த்தேன், சரிப்படவில்லை. பொறாமைதான். அவள் பிள்ளைகளின் தலையைத் தடவினால் எனக்குப் பொறாமை. தன் குழந்தையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை எடுத்தால் பொறாமை. ஒருநாள் அவள் காய்ச்சலால் வரவில்லை, பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் எல்லா நாளையும்விட அதிகப் பொறாமை.

இனி முடிச்சு விஷயத்துக்கு வருகிறேன். கைடுகள் தினம் ஒரு நற்செயலாவது செய்ய வேண்டும் என்பது விதி. அதை மறக்காமல் இருக்க ஒரு வழக்கம் உண்டு. காலையில் கழுத்தில் கட்டும் ஸ்கார்ப்பின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்காவது ஓர் உதவி செய்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். செய்ததை வெளியே சொல்லக் கூடாது. இது என் கையேட்டிலும் இருந்தது. துணியைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்களே என்று நான் சொல்லித்தராமல் விட்டிருந்தேன். அவள் சொல்லித்தந்தாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் பூராவும் உதவி செய்ய ஆள் தேடி அலைகிற பிள்ளைகள். என் கையிலிருந்த நோட்டுக்கட்டை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

படையில் அணிகளுக்குப் பூக்களின் பேர் வைப்பது வழக்கம். ரோஜா அணி, கனகாம்பர அணி, மல்லிகை அணி என்று வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகளைத் தனி அணியாக்கி மொக்கு அணி என்று பேர் வைத்தேன். இன்னும் மலராத மொக்கு. தமிழ் வாத்தியார் வைத்த பேர் என்று எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மொக்கு அணியில் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். வாய் திறக்காது. தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம், வீட்டில் ராகியும் இரண்டு மாடும். ஒருநாள் அந்தப் பிள்ளைக்கு நற்செயல் செய்ய ஆளே அகப்படவில்லை போலிருக்கிறது, முடிச்சோடு வீட்டுக்குப் போயிருக்கிறது. வீட்டில் சினை மாடு ஒன்று கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறது. அம்மாக்காரி அழுத கண்ணோடு பிள்ளையைப் பார்த்து, கழுத்துத் துணியில் என்ன முடிச்சு என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை, தெலுங்கில் முடிச்சுக்கு உண்டான முடி என்ற சொல்லைப் போட்டு, "மொக்கு முடி" என்று சொல்லியிருக்கிறது. மொக்கு அணியில் போடுகிற முடிச்சு என்று அர்த்தம். யார் போடச் சொன்னது என்றதற்கு, டாக்டரம்மா என்று பதில் சொல்லியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தார். கன்று நல்லபடியாக விழுந்தது.

அதற்குப் பிறகு அம்மாக்காரி அந்த முடிச்சை அவிழ்க்க விடவில்லை. துவைக்கவும் விடவில்லை, மஞ்சள் தடவி அப்படியே கட்டி அனுப்பினாள். அழுக்குத் துணியோடு அணிவகுப்பில் நிற்கிறாயே என்று நான் அந்தப் பிள்ளையைச் சத்தம்போட்டேன். அது கண்ணில் நீர் முட்ட, முடிச்சை உள்ளங்கையில் மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அந்த அம்மாக்காரி இன்னும் சில தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். ஒருத்தி கையில் மஞ்சள் துணி, ஒருத்தி கையில் வெற்றிலை பாக்கு. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர்கள் தெலுங்கில் என்னவோ சொல்ல, நடுநடுவே மொக்கு மொக்கு என்பது மட்டும் எனக்கு விளங்கியது. ஆமாம், மொக்குதான், நான் வைத்த பேர்தான் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள். அவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "டீச்சர், தெலுங்குல மொக்குன்னா வேண்டுதல். மொக்கு முடின்னா சாமிக்கு நேர்ந்துக்கிட்டுப் போடற முடிச்சுன்னு நெனச்சுட்டாங்க" என்றாள்.

கூப்பிய கைகள் அதற்குள் அவள் பக்கம் திரும்பியிருந்தன. மாட்டைப் பிழைக்கவைத்தது அவள் புருஷனுடைய கை. முடிச்சுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளக் காரணம் நான். புண்ணியம் மட்டும் அவளுக்கு. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உட்காரவைத்து, இது சாமி முடிச்சு இல்லை, பிறத்தியாருக்கு ஒரு நல்லது செய்கிறவரைக்கும் அவிழ்க்க மாட்டேன் என்று பிள்ளைகள் போட்டுக்கொள்கிற முடிச்சு என்று தெலுங்கில் விளக்கினாள். அம்மாக்காரி யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் வேண்டுதல்தானே என்று சொல்லிவிட்டாளாம். மஞ்சள் துணியை டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

தலைமையாசிரியை சமயம் அறிந்தவர். தை முகாமுக்கு அப்போதுதான் தகவல் வந்திருந்தது. கையோடு அதைக் கேட்டார். மூக்கண்டப்பள்ளி அம்மாக்காரி கொஞ்சமும் யோசிக்காமல், டாக்டரம்மா கூடப் போவதானால் அனுப்புகிறேன் என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதில் ஒருத்தி எனக்குக் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னவள். நான் வருஷக்கணக்காக நடந்து நடந்து கேட்டது, அவள் கேட்காமலேயே ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

கூடாரம் பற்றாததால் ஒரு படைக்கு ஒரு தலைவிதான் வரலாம் என்று சேலத்துத் தபாலில் இருந்தது. எல்லோரும் போன பிறகு தலைமையாசிரியையின் மேஜை முன்னால் நின்றேன். படையை ஆரம்பித்தது யார், கழி வாங்கியது யார், பாட்டு எழுதியது யார் என்று கேட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, படை உன் பேரில்தான் இருக்கிறது, நீயே போ என்று சொல்லிவிட்டார். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நீங்கதானே டீச்சர் போகணும், அதான் சரி" என்றாள். ஒரு சுருக்கம் கிடையாது முகத்தில். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே பிள்ளைகள் உதிர ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குத் தளியில் கல்யாணம், ஒருத்தியின் அத்தைக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்குக் காரணமே இல்லை, அம்மா வேண்டாம் என்றாள் என்பதுதான் காரணம். சனிக்கிழமைக்குள் முகாம் பட்டியலில் ஒரு பேரும் மிஞ்சவில்லை.

மூக்கண்டப்பள்ளிக்கு நடந்தே போனேன். அம்மாக்காரி களத்தில் ராகிக் கதிரைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புதுக் கன்று பக்கத்தில் கட்டியிருந்தது. என்னை உட்காரச் சொல்லி, எனக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் பேசினாள். நான் மூன்று வருஷமாக இந்தப் பிள்ளைகளைப் பழக்குகிறேன், என்னை நம்பி அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் போனேன், வாயில் வந்தது கெஞ்சலாக இருந்தது.

அவள் கதிரைப் பரப்புவதை நிறுத்தினாள். "உங்க மேல எங்க புள்ளைக்குப் பயம் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துக்கு அது நல்லதுதான், இல்லன்னா படிக்குமா? ஆனா ராத்திரில முழிச்சுக்கிட்டு அம்மான்னு அழுவுச்சின்னா, பயப்படற ஆளுகிட்ட எந்தக் கொழந்த போவும்?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். கன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலமே கழி, கயிறு, கொடி, கட்டுத்துணி எல்லாவற்றையும் ஒரு வண்டியில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன். இதைத் தாராள மனசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு பிள்ளைகூட இல்லாமல் நான் மட்டும் மாந்தோப்பில் போய் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வேன்? சாமான்களை இறக்கிவைத்துவிட்டு, நீங்களே கூட்டிப்போங்கள் என்றேன். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. ஊதத் தெரியாதவளுக்கு அது எதற்கு?

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "பாட்டெல்லாம் உங்களோடதுதான் டீச்சர். நெருப்பு தணியறப்ப கைய எப்படித் தாழ்த்துவீங்க, ஒருதரம் காட்டுங்க" என்றாள்.

எத்தனையோ முகாம் தீ பார்த்தவள், ஒன்றும் பார்க்காத என்னிடம் கேட்டாள். மரியாதைக்குக் கேட்டாளா, தேவைப்பட்டுத்தான் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினேன். அவள் கூடவே செய்து பார்த்தாள். அவள் கை என்னுடையதைவிட அழகாக இறங்கியது.

பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பனி விலகாத நேரம். கழிகளைக் கட்டாகக் கட்டி மேலே போட்டாயிற்று. பிள்ளைகள் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா இங்கே, அக்கா என் பக்கத்தில் என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தாய்மார்கள் கூட்டமாக வந்திருந்தார்கள், அவர்களும் இடுப்பில் குழந்தையோடு நின்ற அவளிடம்தான் பேசினார்கள். ஸ்கார்ப்புகளைச் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லார் நுனியிலும் முடிச்சு இருந்தது. பஸ் சூளகிரிச் சாலையில் திரும்பும்வரை நின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

முகாம் நடந்த நாட்களில் பாதி காலியான வகுப்பில் பின்னம் நடத்தினேன். இருட்ட ஆரம்பித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளாது. இப்போது விறகு அடுக்கியிருப்பார்கள், இப்போது தீ வைத்திருப்பார்கள், இது ஆரவாரப் பாட்டுக்கு நேரம் என்று கூடவே போய்க்கொண்டிருந்தேன். கையேட்டை எடுத்து அந்த அத்தியாயத்தைப் பிரித்து, படிக்காமல் மூடிவைத்தேன். மழை பெய்து எல்லாம் நனைந்துபோனால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். தை மாதத்தில் மழை எங்கே வரப்போகிறது என்று தையல் டீச்சர் சொன்னாள். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார்கள். திங்கட்கிழமை காலையில் வகுப்பை நெருங்கும்போதே உள்ளே ஒரே இரைச்சல். களித் தட்டலை முகாம் பூராவும் கற்றுக்கொண்டுவிட்டதாம், சேலத்துப் பிள்ளைகள் அதை விடாமல் தட்டினார்களாம். அக்கா விசிலுக்குப் பதிலாகக் கைதட்டியே கூப்பிட்டாளாம். மூக்கண்டப்பள்ளிப் பிள்ளை முதல் நாள் ராத்திரி அழுததாம், அக்கா மடியில் படுத்துத் தூங்கியதாம். நான் வாசலில் கால் வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று நமஸ்காரம் டீச்சர் என்றார்கள்.

எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்தது டீச்சர் என்றார்கள். அவ்வளவுதான்.

கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, செய்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பெஞ்சுகளுக்கு நடுவே போனேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் என்னவென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளைகளின் தலையில் வருகிற வீட்டு அடுப்புப் புகை எனக்குப் பழக்கம், வறட்டியும் ராகி வேகிற ஆவியும் கலந்தது. இது வேறு. காயாத மாஞ்சுள்ளியும் சருகும் எரிந்த புகை. பின்னலுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. குனிந்து ஒவ்வொருத்தியின் நோட்டையும் பார்த்தேன். கணக்கைப் பார்க்கவில்லை. ஒருத்தி தப்பாகப் போட்டிருந்ததற்குச் சரி என்று போட்டுவிட்டு அடுத்தவளிடம் போனேன். முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுவரை எல்லார் தலையிலும் அது இருந்தது. என் தலையில் இல்லை.

மேஜைக்குத் திரும்பிப் போய், தலையெல்லாம் ஒரே புகை நாற்றம், நாளைக்கு ஒருத்தி பாக்கியில்லாமல் தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும், குளிக்காமல் வந்தால் வகுப்புக்குள் விடமாட்டேன் என்று சொன்னேன்.

மறுநாள் எல்லோரும் குளித்துவிட்டு வந்தார்கள். ஈரத் தலையை நுனியில் முடிந்துகொண்டு, வகுப்பு பூராவும் சீயக்காய் வாசனை. மூக்கண்டப்பள்ளிப் பிள்ளை மட்டும் அதே புகை மணக்கும் பின்னலோடு வாசலில் நின்றது. இந்தக் குளிரில் தலைக்கு ஊற்றினால் சளி பிடித்துக்கொள்ளும் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். வகுப்பு நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே வரச் சொன்னேன். பின்னால் போகாதே, முதல் பெஞ்சில் என் மேஜையை ஒட்டி வந்து உட்கார் என்றேன். தண்டனை என்று நினைத்து அது அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தது. நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தேன்.